காட்டை விட்டு வயலுக்கு வந்த மரத்தொழில்

கேள்வி இதுதான்: இந்தியக் காடுகளில் மரம் வெட்டுவது பெருமளவு நின்றுபோன பிறகும் பிளைவுட், காகிதம், அட்டை, எம்.டி.எஃப். பலகை (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்வது) எல்லாம் எப்படிக் கூடிக்கொண்டே போகின்றன? பல பத்தாண்டுகளாக இந்தத் தொழில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது?

ஒரு வரியில் சொன்னால், பெயரில்தான் இது இன்னும் வனப்பொருள் தொழில். மூலப்பொருள் வயல்வரப்பிலிருந்தும் பழைய பேப்பர் கடையிலிருந்தும் கப்பலிலிருந்தும் வருகிறது. மரம் மாறியபோதெல்லாம் மிஷின் மாறியது, பசை மாறியது, ஆலை இருந்த ஊரும் மாறியது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில் அளவு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2011 அறிக்கை, அரசுக் காடுகளிலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கும் மரத்தை 31.75 லட்சம் கன மீட்டர் என்றது. காட்டுக்கு வெளியே உள்ள மரங்களிலிருந்து கிடைக்கக்கூடியது 4.277 கோடி கன மீட்டர், அதாவது பதிமூன்று மடங்கு. 2023 அறிக்கையில் இரண்டாவது எண் 9.151 கோடியாக ஏறிவிட்டது. காட்டுக்கு வெளியே உள்ள மரத்தின் இந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்து வளர்ச்சி விகிதம் போட்டுவிட வேண்டாம். அவை வெட்டிய மரத்தின் அளவு அல்ல, வெட்டக்கூடிய மரத்தின் மதிப்பீடு; இடையில் கணக்கெடுப்பு முறையும் மாறியிருக்கிறது. ஆனால் காடு, வயல் இரண்டுக்கும் உள்ள விகிதத்தை எந்த முறையில் எடுத்தாலும் முடிவு மாறாது.

பழைய ஏற்பாட்டைப் பார்ப்போம். வனத்துறை 1864-இல் தொடங்கப்பட்டதற்கே பெரிய காரணம் ரயில்வே. தேக்கு, சால், தேவதாரு மரங்களில் ஸ்லீப்பர் கட்டைகள் போயின. விடுதலைக்குப் பிறகு 1952 வனக்கொள்கை, காட்டை நாட்டுத் தேவைக்கான சொத்தாக வைத்தது. நடைமுறையில் தொழிற்சாலைகளுக்கு நீண்டகாலக் குத்தகை. கூப்பு (வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதி) ஏலம் எடுத்த காண்டிராக்டர் வெட்டுவார், லாரி ஏற்றுவார், மில்லில் இறக்குவார். விலையோ பெயரளவுக்குத்தான். கேரளத்தில் மாவூர் கூழ் ஆலைக்கு 1958 ஒப்பந்தப்படி மூங்கில் டன்னுக்கு 1 ரூபாய். இந்த விலையில் மூங்கில் கிடைக்கும்போது எந்த நிர்வாகமும் நாற்றங்கால் வைக்காது. மூங்கில் தீர்ந்த பிறகு யூகலிப்டஸுக்கும் பிற மரங்களுக்கும் தாவினார்கள். மாவூர் ஆலை 2001-இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

மூங்கிலை நம்பியதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு பகுதியில் உள்ள ஒரே இன மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் பூத்துச் செத்துவிடும். பூத்த ஆண்டில் மூங்கில் மலைமலையாகக் கிடைக்கும். அடுத்த பல ஆண்டுகள் ஒன்றுமிருக்காது. தினமும் நூற்றுக்கணக்கான டன் கூழ் காய்ச்சும் ஆலைக்கு இது ஒத்துவராது. ஆனால் நாரின் நீளத்தில் யூகலிப்டஸும் கரும்புச் சக்கையும் மூங்கிலுக்கு ஈடில்லை. மூங்கில் நார் 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். யூகலிப்டஸ் 1 மில்லிமீட்டருக்குள், கரும்புச் சக்கை அதைவிடச் சற்றுக் கூட. நீள நார் இல்லாவிட்டால் காகிதம் எளிதில் கிழியும். மூங்கிலை விட்ட ஆலைகள் வெளிநாட்டு ஊசியிலை மரக்கூழைக் கொஞ்சம் கலக்க வேண்டி வந்தது இதனால்தான்.

திருப்பம் மூன்று படிகளில் வந்தது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தை வேறு வேலைக்குத் திருப்புவதற்கு மத்திய அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1988 வனக்கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடியாக உறவு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும், காட்டு மரத்தைச் சலுகை விலையில் கொடுக்கக் கூடாது என்றது. மூன்றாவது அடிதான் பலமாக விழுந்தது: கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவு. முறையான செயல்திட்டம் இல்லாத காடுகளில் வெட்டு நின்றது. வடகிழக்கிலிருந்து மரம் வெளியேறுவது நின்றது. அருணாசலத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும் அசாமில் அவற்றின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் இருந்த மர அறுவை, வெனீர் (பிளைவுட்டுக்கான மெல்லிய மரத்தகடு), பிளைவுட் ஆலைகளை உடனே மூடச் சொன்னது.

தேயிலைப் பெட்டிக்காகப் பிறந்த அசாம் பிளைவுட் தொழில் அதோடு ஒடுங்கியது. இடம் இரண்டு பக்கமாகப் பிரிந்தது: வடக்கே அரியானாவின் யமுனாநகர், தெற்கே கேரளத்தின் பெரும்பாவூர். யமுனாநகருக்குப் பாப்ளர் மரமும் யூகலிப்டஸும் (அங்கே சஃபேதா என்பார்கள்), பெரும்பாவூருக்குப் பால் வற்றிய ரப்பர் மரம். அசாமில் வேலையிழந்த பிளைவுட் தொழிலாளர்கள் பெரும்பாவூருக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். அந்த ஊரில் இன்று அசாமியும் வங்காளியும் சாதாரணமாகக் காதில் விழுவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

பாப்ளர் அங்கே தயாராக இருந்தது தற்செயல் அல்ல. தீப்பெட்டி நிறுவனமான விம்கோ, தீக்குச்சிக்காக 1984-இல் நபார்டு கடனுதவியோடு விவசாயிகளிடம் பாப்ளர் வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. கன்று, ஆலோசனை, திரும்ப வாங்கும் உறுதி என்று மூன்றும் சேர்ந்த ஏற்பாடு. பாப்ளர் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும், அதனால் அடியில் கோதுமை விளையும். தீக்குச்சிக்கு நட்ட மரத்தைக் கடைசியில் பிளைவுட் சாப்பிட்டது.

இனி மிஷினுக்கு வருவோம், மாற்றம் கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். அசாமின் ஹொல்லாங் மரம் ஒரு மீட்டர் விட்டத்தில் வரும். பழைய உரிப்பு லேத்தில் கட்டையின் இரு முனைகளையும் இரும்புப் பற்றி கவ்விச் சுழற்றும், கத்தி வெனீரைச் சுருளாக உரிக்கும். பற்றியின் அகலம் காரணமாக நடுவில் ஒரு சாண் கட்டை மிஞ்சும். மீட்டர் விட்ட மரத்தில் ஒரு சாண் போனால் கவலையில்லை. ஐந்தாறு வயதுப் பாப்ளரில் கட்டையே ஒரு சாண்தான்! அதனால் வந்தது பற்றியில்லாத லேத்: உருளைகள் வெளியிலிருந்து கட்டையை அழுத்திச் சுழற்றும், கத்தி இரண்டு அங்குலத்துக்கும் கீழே வரை உரித்துக்கொண்டே போகும். இந்த ஒரு மிஷின் இல்லையென்றால் வயல் மரத்தில் பிளைவுட் என்ற பேச்சே எழுந்திருக்காது.

யமுனாநகர் சந்தையில் மரத்தைச் சுற்றளவால் பிரிக்கிறார்கள்: 24 அங்குலத்துக்கு மேல் ‘ஓவர்’, 18 முதல் 24 வரை ‘அண்டர்’, அதற்கும் கீழே ‘சொக்தா’. விலை குவிண்டாலுக்கு. பற்றியில்லாத லேத் பரவியபின் அண்டரும் விலை பேச ஆரம்பித்தது. சொக்தா முன்பு விறகு, இப்போது எம்.டி.எஃப். ஆலை அதையும் எடுத்துக்கொள்கிறது.

சின்ன மரத்துக்கு மாறியதில் தொல்லையும் உண்டு. இளமரத்தில் கணு அதிகம். விட்டம் குறையக் குறைய வெனீரின் தடிமன் ஒரே சீராக வராது, உள்பக்கம் வெடிப்பும் கூடும். கோர் வெனீரை, அதாவது உள்ளடுக்குத் தகட்டை, செலவு மிச்சத்துக்காகத் திறந்தவெளியில் வெயிலில் காய வைப்பது வழக்கம். மழைக்காலத்தில் பூஞ்சணம் படியும், நீலக்கறை ஏறும். அதைவிட மோசம், ஒரே கட்டில் பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் இருக்கும். பீனால் பிசின் பூசிய வெனீரில் ஈரம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 135–145 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஹாட் பிரஸ் அழுத்தும்போது மிஞ்சிய ஈரம் ஆவியாகி உள்ளே சிறைப்படும். பிரஸ்ஸைத் திறக்கிற நொடியில் ‘டப்’ என்று பலகை நடுவே குமிழ் எழும். யூரியா பிசின் 105–110 டிகிரியிலேயே இறுகிவிடுவதால் ஈரத்தைக் கொஞ்சம் மன்னிக்கும். ஆனால் அந்தப் பலகை கொதிநீரில் நிற்காது. கடல்நீர் தரத்துக்கான ஐ.எஸ். 710 சோதனையில் பலகைத் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்து பிரியாமல் இருக்க வேண்டும், அதற்குப் பீனால் பிசின்தான்.

அழுத்தத்திலும் தவறு நடக்கும். பாப்ளர் மெத்தென்ற மரம். காட்டு மரத்துக்கு வைத்த அழுத்தத்தையே வைத்தால் 19 மில்லிமீட்டர் பலகை 18-ஆக அமுங்கும். யூகலிப்டஸ் மட்டும் போட்டால் கனமும் உறுதியும் கிடைக்கும், ஆனால் உள்விசை அதிகமுள்ள மரம் என்பதால் பலகை முறுக்கும். இரண்டையும் அடுக்கு மாற்றி அடுக்கு வைப்பதற்கு வியாபாரத்தில் ‘ஆல்டர்நேட்’ என்று பெயர். கடையில் பிளைவுட் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: முழு யூகலிப்டஸா, ஆல்டர்நேட்டா, முழுப் பாப்ளரா? பிராண்டு பெயரைவிட இது அதிகம் சொல்லும்.

ரப்பர் மரத்தின் தொல்லை வேறு. மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வெட்டிய சில நாட்களிலேயே நீலக்கறையும் துளைப்பூச்சியும் வந்துவிடும். அறுத்த பலகையைத் தாமதிக்காமல் போரான் கரைசலில் அழுத்தமேற்றி ஊறவைத்துச் சூளையில் உலர்த்த வேண்டும். ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கும் பெட்டிக்கும் போன மரம் மேசை நாற்காலிக்கு உயர்ந்தது இந்தச் செய்முறை வந்த பிறகுதான்.

உள்ளே வயல் மரம், வெளியே? மேல்தகடு இன்னும் வெளிநாட்டுக் காட்டு மரம்தான். மியான்மரின் குர்ஜன் மரம் நீண்டகாலம் ஆண்டது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆப்பிரிக்க நாடான காபோன் அதற்கு முன்பே 2010-இல் தடை போட்டிருந்தது. இந்திய நிறுவனங்கள் அந்த நாடுகளுக்கே போய் உரிப்பு ஆலை வைத்து வெனீராக்கிக் கொண்டுவந்தன. குர்ஜனுக்குப் பக்கத்தில் ஆப்பிரிக்க ஓகுமே மரம் வந்து உட்கார்ந்தது. இந்தத் தகடு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அழகுக்காக நூற்றில் சில பங்கு மரத்தைக் கப்பலில் வரவழைக்கும் பழக்கம் இது. தேய்ப்புத்தாள் கொஞ்சம் ஆழமாகப் போனாலே அடியிலிருக்கும் பாப்ளர் எட்டிப் பார்க்கும்.

காகிதத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. 1970 வாக்கில் இந்தியக் காகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூங்கிலும் மரமும். இன்று பாதிக்கும் மேல் பழைய தாள். நடுவில் வைக்கோல், கரும்புச் சக்கை என்று ஒரு கட்டம் வந்து போனது. எழுபதுகளின் காகிதத் தட்டுப்பாட்டில் பழைய மிஷின்களை இறக்குமதி செய்து சிறு ஆலைகள் முளைத்தன, வரிச்சலுகையும் கிடைத்தது. அவற்றின் முக்கியமான குறை வைக்கோலின் சிலிக்கா. காய்ச்சிய பின் வரும் கருங்கழிவு நீரைச் சுண்டவைத்து எரித்து ரசாயனத்தை மீட்டெடுப்பதில்தான் கூழ் ஆலையின் லாபமே இருக்கிறது. சிலிக்கா அந்தக் குழாய்களில் கல்லாகப் படிந்துவிடும். அதனால் சிறு ஆலைகள் மீட்பு அமைப்பே வைக்காமல் கழிவை ஆற்றில் விட்டன. மாசுச் சட்டங்கள் இறுகியதும் பல மூடின, மற்றவை பழைய தாளுக்கு மாறின.

சக்கையில் தாக்குப்பிடித்தது பெரிய ஆலைதான். தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம், டி.என்.பி.எல்., 1979-இல் அமைந்து கரூர் மாவட்டம் புகளூர் காகிதபுரத்தில் ஆண்டுக்கு 90,000 டன் திறனோடு தொடங்கியது. சர்க்கரை ஆலை சக்கையைத் தன் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்திச் சக்கையை வாங்க வேண்டுமானால் ஈடாக நீராவியோ எரிபொருளோ கொடுத்தாக வேண்டும். அந்தப் பண்டமாற்றுத்தான் திட்டத்தின் அச்சு. ஒரு டன் கூழுக்கு ஈரச்சக்கை 5–6 டன் வேண்டும். சக்கையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சோறு, அதாவது தண்டின் பஞ்சுபோன்ற உட்பகுதி. அதை முதலில் பிரித்தெடுக்காவிட்டால் ரசாயனத்தை உறிஞ்சிக் குடிக்கும், காகிதக் கம்பிவலையில் நீர் வடியாது. கரும்பு அரவை சில மாதங்கள்தான் நடக்கும், கூழ் ஆண்டு முழுதும் வேண்டும். எனவே மலைபோல் குவித்து நனைத்தபடியே வைக்க வேண்டும். காயவிட்டால் நார் கெடும், தீப்பிடிக்கும்.

பிறகு இரண்டு பக்கமிருந்து நெருக்கடி. சர்க்கரை ஆலைகள் சக்கையில் மின்சாரம் எடுத்து விற்கத் தொடங்கின; வறட்சியில் கரும்பும் குறைந்தது. டி.என்.பி.எல். நிறுவனமே 2004 முதல் விவசாயிகளிடம் மரம் வளர்க்கும் திட்டத்தை விரித்தது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2016-இல் அட்டை ஆலையும் திறந்தது. அட்டை என்பதைக் கவனியுங்கள்: செய்தித்தாள் தாளுக்கென்று பெயர் வைத்த நிறுவனம் பெட்டி அட்டைக்கு முதலீடு செய்தது. நாடு முழுவதும் இதே திசைதான். அச்சுத்தாள் மெதுவாக நகர்கிறது, பொட்டல அட்டை ஓடுகிறது.

மரக்கூழுக்கு ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: ஒரு டன் வெளுத்த கூழுக்கு முற்றிலும் உலர்ந்த கணக்கில் 2 முதல் 2.3 டன் மரம், பச்சையாக எடைபோட்டால் ஏறக்குறைய இரு மடங்கு. பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். வெட்டிய மரம் ஓரத்தில் இரண்டு வாரம் கிடந்தால் விவசாயிக்கு எடை போகும். லாரியும் எடைமேடையும் உறுதியான பிறகு வெட்டுவதே புத்திசாலித்தனம். யூகலிப்டஸ் பட்டையை வெட்டிய கையோடு உரித்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட பட்டை கூழில் கரும்புள்ளியாக வரும், அந்த லோடுக்கு விலையைக் குறைத்துவிடுவார்கள்.

வயலில் விளைச்சலைக் கூட்டியவை குளோன் கன்றுகள். பத்ராசலம் காகித ஆலை எண்பதுகளின் இறுதியில் தேர்ந்தெடுத்த யூகலிப்டஸ் குளோன்கள் 3, 7, 10 போன்ற எண்களாலேயே ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பெயர் பெற்றன. சவுக்குக்குக் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் கலப்பினக் குளோன்களைக் கொடுத்தது. 5 அடிக்கு 5 அடி நட்டால் ஏக்கருக்கு 1,740 மரம், மூன்று நான்கு ஆண்டில் வெட்டு. ஆனால் வயல் முழுக்க ஒரே மரத்தின் நகல் நிற்பதால் ஒரு பூச்சிக்குப் பிடித்துவிட்டால் எல்லாமே போகும். 2000-களில் தென்னிந்திய யூகலிப்டஸ் நாற்றங்கால்களைத் தாக்கிய லெப்டோசைபி குளவி அப்படித்தான் செய்தது: நடுநரம்பிலும் இலைக்காம்பிலும் முடிச்சு, வளர்ச்சி நிறுத்தம். நல்ல ஆலைகள் ஒரே ஊரில் நான்கைந்து குளோன்களைக் கலந்து கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

சவுக்கு, யூகலிப்டஸ், மலைவேம்பு மூன்றுக்கும் இன்று ஒரே வயலில் நான்கு ஆட்கள் வருகிறார்கள்: கூழ் ஆலை, பிளைவுட், எம்.டி.எஃப்., கொதிகலன் விறகு. எம்.டி.எஃப். ஆலைக்கு மரத்தின் வடிவம் பொருட்டில்லை. சில்லாக்கி, நீராவியில் இளக்கி, நாராக அரைத்து, பிசின் கலந்து அழுத்துவதால் கிளையும் போதும். தொடர் பிரஸ் என்பதால் மிஷின் நிற்கக் கூடாது, நின்றால் நஷ்டம்; அதனால் மரம் குறைந்த மாதத்தில் அவர்கள் விலையை ஏற்றியாவது வாங்குவார்கள். கூழ் ஆலைகள் முணுமுணுப்பது இதற்காகத்தான்.

அறுத்த மரத்தின் நிலை தனி. மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்தைத் தடை செய்து 2020-இல்தான் நீக்கியது. அந்த 27 ஆண்டுகளில் அலுமினியமும் யு.பி.வி.சி. பிளாஸ்டிக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டன. சாரக் கம்புச் சவுக்கின் இடத்தை இரும்புக் குழாய் எடுத்தது. காந்திதாமில் இறங்கும் நியூசிலாந்துப் பைன் பெட்டிகளாகிறது. தீப்பெட்டித் தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டியில் நடக்கிறது. 14 ஆண்டு 1 ரூபாயில் இருந்த பெட்டி 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. சந்தனத்தில், பட்டா நில மரம் நிலச் சொந்தக்காரருக்கே உரியது என்று தமிழ்நாடு 2002-இல் சட்டத்தைத் திருத்தியும் நட்ட பரப்பு மெதுவாகவே கூடுகிறது. திருட்டு பயம் ஒரு தடை.

அடுத்து எங்கே என்றால், விலைச் சுழற்சியைப் பாருங்கள். பாப்ளர் நல்ல விலைக்குப் போகும் ஆண்டில் எல்லோரும் நடுவார்கள். ஆறு ஆண்டு கழித்து எல்லோரும் ஒன்றாக வெட்டுவார்கள், விலை சரியும். வெறுத்துப்போய் நடுவதை விடுவார்கள். மீண்டும் ஆறு ஆண்டு கழித்துப் பஞ்சம். 2000-களின் தொடக்கத்தில் நடந்தது இதுதான். எனவே இன்றைய உற்பத்தியைக் கணிக்க ஆலைத் திறனைப் பார்க்காதீர்கள், ஐந்தாறு ஆண்டுக்கு முன் நாற்றங்கால்களில் எவ்வளவு கன்று விற்றது என்று விசாரியுங்கள். இறக்குமதி எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சுங்கப் புள்ளிவிவரத்தின் பொருள் எண்களில் பார்க்கலாம்: 4403 உருட்டுக்கட்டை, 4407 அறுத்த மரம், 4408 வெனீர், 4411 எம்.டி.எஃப்., 4412 பிளைவுட். 4403 இறங்கி 4408 ஏறினால், மரம் கொடுத்துவந்த நாடு கட்டையைத் தடுத்துவிட்டு ஆலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று பொருள்.